மூச்சை இழுத்தால் நோய் போகுமா?
குமரி மாவட்ட வர்ம ஆசான்களும், சீனாக்காரர்களின் 'சிகுங்' பயிற்சியும்

நாகர்கோவில்-

குமரி மாவட்டத்தில் "ஆசான்" என்றால் பள்ளிக்கூட வாத்தியார் அல்ல. வர்ம ஆசான்!

தென்னையில் இருந்து விழுந்தவன், கபடியில் முட்டு பிசகியவன், பஸ் படிக்கட்டில் சறுக்கியவன்... இவர்களில் பலர் முதலில் தேடிப் போவது அவரைத்தான்.

"ஆசான்கிட்ட ஒருக்கா காட்டிட்டு வா மக்கா!" மார்த்தாண்டம், தக்கலை பக்கத்தில் இன்றைக்கும் காதில் விழும் பேச்சு இது.

இந்த ஆசானுக்கு இரண்டு வேலை. ஒரு கையால் அடிக்கக் கற்றுக் கொடுப்பார். மறு கையால் பட்ட அடியை ஆற்றுவார்.

இப்போது சில களரிகளில் மூன்றாவது வேலையும் வந்து சேர்ந்து இருக்கிறது. ரத்தக் கொதிப்பு, மூட்டுவலி, தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்களுக்கு மூச்சுப் பயிற்சியும், கால் சுவடும் சொல்லிக் கொடுப்பது!

இது உடம்புக்கு நல்லதா? இதில் ஆபத்து உண்டா?

108 இடங்கள்

மனித உடம்பில் 108 வர்மங்கள் என்பது ஆசான்கள் கணக்கு. அவற்றில் படுவர்மம் 12. தொடுவர்மம் 96. (ஏட்டுக்கு ஏடு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அதற்காக ஆசான்கள் சண்டை போட்டுக் கொள்வதும் உண்டு.)

புருவ மத்தியில் திலர்த வர்மம். பிடரியில் சுழியாடி வர்மம். காதின் பின்புறம் செவிக்குத்திக் காலம். நெஞ்சில் நேர் வர்மம். விலாவில் அடப்பக் காலம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.

"காலம்" என்றால் இங்கே நேரம் அல்ல. வர்மத்துக்கே அது இன்னொரு பெயர்.

உடம்புக்குள் ஓடும் மூச்சுக்கு "வாசி" என்று பெயர். வாசி தங்கிப் போகும் இடம்தான் வர்மம். அந்த இடத்தில் அடி பட்டால் வாசி தடைப்படும். தடைப்பட்டதைத் திறந்து விட "அடங்கல்" என்று வேறு சில இடங்கள் உண்டு. பூட்டும் அங்கே, சாவியும் அங்கே!

இந்த வித்தைக்குத் தாய் வீடு பழைய கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள். 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும் வரையில், திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர்கள் இவை. நெற்களஞ்சியமான நாஞ்சில் நாட்டைவிட, பனையும் தென்னையும் நிறைந்த இந்தப் பகுதியில் ஆசான்கள் அதிகம். காரணம் கேட்பானேன்? மரம் ஏறுகிறவன் இருக்கும் ஊரில், விழுகிறவனும் இருப்பான்.

ஜெர்மனியைச் சேர்ந்த ரோமன் சீலர் என்ற ஆராய்ச்சியாளர், இந்த மாவட்டத்து ஆசான்களோடு பழகி இதைப் பற்றி ஒரு ஆங்கிலப் புத்தகமே எழுதி விட்டார். 2015-ல் அது வெளிவந்தது.

'சுவடு' என்றால் என்ன?

ஆசான் முதல் நாளே வர்மத்தைக் காட்ட மாட்டார். முதலில் காட்டுவது சுவடு.

கால் வைக்கும் முறைதான் சுவடு. ஒற்றைச் சுவடு, கூட்டுச் சுவடு என்று அது வளரும். காலை அகட்டி, முட்டை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கையை வீசி, அடிக்கு ஒரு மூச்சு. இதற்கு மொத்தமாக "அடிமுறை" என்று பெயர். 2020-ல் வந்த "பட்டாஸ்" படத்தில் தனுஷ் செய்து காட்டியது இந்த அடிமுறையைத்தான். 1996-ல் "இந்தியன்" தாத்தா இரண்டு விரலைக் காட்டி மிரட்டியதும் இதே வர்மம்தான். சினிமாவில் வந்த வேகத்தில் நிஜத்தில் வராது என்பது வேறு விஷயம்.

சண்டையை எடுத்து விட்டுப் பார்த்தால், சுவட்டில் மிஞ்சுவது மூன்று. மெதுவான அசைவு. அதோடு சேர்ந்த மூச்சு. சிதறாத கவனம்.

சீனாக்காரர்கள் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் "சிகுங்" என்கிறார்கள்!

சீனாவில்...

"சி" என்றால் மூச்சு, உயிர்ச்சக்தி. "குங்" என்றால் விடாமல் உழைத்துப் பெறும் திறமை.

சீனாவில் மாவாங்துய் என்ற இடத்தில் ஒரு பழைய கல்லறையை 1973-ம் ஆண்டில் தோண்டத் தொடங்கினார்கள். அது கி.மு. 168-ல் மூடப்பட்ட கல்லறை. உள்ளே ஒரு பட்டுத் துணி. அதில் 44 பேர் கையை உயர்த்தியும், குனிந்தும், வளைந்தும் பயிற்சி செய்யும் படம்! ஆணும் பெண்ணும், கிழவரும் இளையவரும் அதில் இருந்தார்கள்.

பழக்கம் பழையது. ஆனால் "சிகுங்" என்ற பெயர் ஊர் முழுக்கப் பரவியது 1950-களில்தான். லியூ குய்சென் என்பவர் தன் வயிற்று நோய்க்கு இதைச் செய்து குணம் அடைந்ததாகச் சொன்னார். சீன அரசு சுகவாச நிலையங்களில் இதைச் சேர்த்துக் கொண்டது. 2003-ல் அரசே சில பயிற்சிகளைத் திருத்தி வரிசைப்படுத்தி வெளியிட்டது. அவற்றில் பிரபலமானது "எட்டுப் பட்டு" என்ற எட்டு அசைவுகள் கொண்ட பயிற்சி.

போதி தர்மர் கதை

"இது எல்லாம் நம்ம ஊர்ல இருந்து போனதுதானே?" என்று கேட்பவர்கள் நிறைய. காஞ்சீபுரத்தில் இருந்து போன போதி தர்மர், சீனத்தின் ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பது கதை. 2011-ல் "ஏழாம் அறிவு" படம் வந்த பிறகு இதைச் சொல்லாத டீக்கடை இல்லை.

போதி தர்மர் தென்னிந்தியர் என்று சீன ஏடுகளே சொல்கின்றன. ஆனால் அவர் எழுதியதாகச் சொல்லப்படும் பயிற்சி நூல் 17-ம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர்கள் முடிவு. அவருக்கும் அந்த நூலுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி! யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது தீராத வழக்கு.

எவ்வளவு பலன்?

சீன முறைகளில் பெரிய ஆய்வுகள் நடந்து இருக்கின்றன. சிகுங்கின் தம்பி மாதிரியான "தாய்ச்சி" என்ற மெதுவான பயிற்சியில் நடந்தவை முக்கியமானவை.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 70 வயதைத் தாண்டிய 670 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். அடிக்கடி விழுகிறவர்கள், விழும் ஆபத்தில் இருப்பவர்கள் இவர்கள். ஆறு மாதம், வாரத்துக்கு இரண்டு தடவை பயிற்சி. தாய்ச்சி செய்த கூட்டத்தில், வெறுமனே கை கால் நீட்டி மடக்கியவர்களைவிட விழுவது 58 சதவீதம் குறைந்தது. 2018-ல் வந்த முடிவு இது.

வயதானவர்கள் குளியல் அறையில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக் கொண்டு படுக்கையில் விழாத தெரு ஏது? அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் 58 சதவீதம் என்பதன் அருமை தெரியும்.

ரத்தக் கொதிப்பு விளிம்பில் நின்ற 342 பேரை வைத்து பீஜிங்கில் ஒரு ஆண்டு ஆய்வு நடந்தது. 2024-ல் முடிவு வந்தது. தாய்ச்சி செய்தவர்களுக்கு மேல் அளவு சராசரி 7 புள்ளி குறைந்தது. வேக நடை, சைக்கிள் என்று போனவர்களுக்கு 4.6 புள்ளி.

மெதுவாக மூச்சு விடுவதால் என்ன நடக்கிறது? சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அதை ஆறு தடவையாகக் குறைத்தால், இதயத்தை நிதானப்படுத்தும் நரம்புக்கு வேலை கூடுகிறது. நாடி தணிகிறது. மந்திரம் எதுவும் இல்லை.

வர்மத்துக்கும் அடிமுறைக்கும் இந்த அளவுக்குப் பெரிய ஆய்வுகள் வரவில்லை. அசைவும் மூச்சும் ஒன்று போல இருப்பதால், பலனும் அதே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் புற்றுநோய் போகும், சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால், அவர் ஆசானாக இருந்தாலும் சரி, செல்போன் வீடியோ 'குரு'வாக இருந்தாலும் சரி, கும்பிடு போட்டு விட்டு வந்து விட வேண்டும்.

ஆபத்து எங்கே?

மெதுவான அசைவில் ஆபத்து மிகவும் குறைவு. ஆபத்து மூன்று இடத்தில் ஒளிந்து இருக்கிறது.

முதலாவது, மூச்சை அடக்குவது. மூச்சைப் பிடித்துக் கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் குபீர் என்று ஏறும். கொதிப்பு, இதய நோய், கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. இவர்கள் மூச்சை இழுக்கலாம், விடலாம். நிறுத்தக் கூடாது.

மனம் கலங்கும் சங்கதியும் உண்டு. 1980-களில் சீனாவில் சிகுங் மோகம் தலைக்கு ஏறியது. நாள் முழுக்க மூச்சுப் பிடித்துக் கொண்டு கிடந்த சிலர், குரல் கேட்பதாகவும் உடம்புக்குள் ஏதோ ஓடுவதாகவும் சொல்லி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். "நெருப்பு பிடித்தது, பேய் புகுந்தது" என்று சீனத்தில் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது. அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கம் 1994-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் இந்தக் கோளாறுக்கும் இடம் கொடுத்தது. ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியில் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

இரண்டாவது, கழுத்து!

கழுத்தின் பக்கவாட்டில் அழுத்தினால் நாடி விழுந்து மயக்கம் வரும். அங்கே ரத்த அழுத்தத்தை அளக்கும் நரம்பு முடிச்சு இருக்கிறது. ஆசான்கள் அந்தப் பக்கம் கை வைக்க யோசிப்பது சும்மா இல்லை. கழுத்தைத் திடீரென்று திருகினால், மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உள் சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். முடி வெட்டியதும் சலூனில் "சொடக்" என்று கழுத்தைத் திருப்பி விடுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

உழிச்சலிலும் கவனம் வேண்டும். ஒற்றைக் காலில் மட்டும் வீக்கம், சூடு, வலி இருந்தால் உள்ளே ரத்தம் கட்டி இருக்கலாம். அதைத் தடவினால் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்பு தேய்ந்த முதியவர்கள் அழுத்தமான உழிச்சலுக்கு உட்காரக் கூடாது.

எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய பிறகு விரல் நீலம் பூத்தால், சில்லிட்டால், மரத்துப் போனால்? "கட்டு பிடிக்குது, நல்லது" என்று இருந்து விடக் கூடாது. ரத்த ஓட்டம் நின்று போவதன் அறிகுறி அது. உடனே கட்டை அவிழ்க்க வேண்டும். தாமதித்தால் கையே போய்விடும்.

எழுந்து நடந்தவன்...

மூன்றாவதுதான் பெரிய ஆபத்து. தலையில் அடி!

வர்ம ஏடுகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். இந்த இடத்தில் அடி பட்டால் இத்தனை நாழிகையில் ஆபத்து, அந்த இடத்தில் பட்டால் இத்தனை நாளில் ஆபத்து என்று கெடு சொல்லி இருப்பார்கள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

சிரிக்க வேண்டாம். டாக்டர்களும் அதையே வேறு வார்த்தையில் சொல்கிறார்கள்.

தலையில் அடி பட்டவன் மயங்குவான். பிறகு எழுந்து உட்காருவான். "ஒண்ணும் இல்ல, நான் நல்லா இருக்கேன்" என்பான். டீ கூடக் குடிப்பான். ஆனால் மண்டை ஓட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்து கொண்டே இருக்கும். சில மணி நேரம் கழித்து வாந்தி, தூக்கம், நினைவு தப்பல். அப்புறம் ஆபரேஷனுக்கும் நேரம் இருக்காது. விலாவில் அடி பட்டு மண்ணீரல் கிழிந்தவர்களும் இப்படி நாள் கழித்துச் சாய்வது உண்டு.

அந்த "நல்லா இருக்கேன்" என்ற நேரத்தில்தான், ஆள் ஆசான் வீட்டுத் திண்ணையில் இருப்பான். அந்த நேரம் திரும்பி வராது.

விவரம் தெரிந்த ஆசான் தலையடியை வீட்டில் வைத்துக் கொள்ள மாட்டார். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. வர்மம் 108 என்றால், 2008-ல் தமிழ்நாட்டில் வந்த ஆம்புலன்சுக்கும் நம்பர் 108.

யாரிடம் கற்பது?

அந்தக் காலத்தில் 12 ஆண்டு கூடவே இருந்தால்தான் ஆசான் வாய் திறப்பார் என்பார்கள். கடைசி வர்மத்தைச் சாகும் தருவாயில்தான் சொல்வார்களாம். சில ஆசான்கள் சொல்லாமலே போய்ச் சேர்ந்து விட்டார்கள். வித்தை அழிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது அதற்கு நேர் எதிர். இரண்டு நாள் வகுப்பு, கையில் ஒரு சர்ட்டிபிகேட், மூன்றாம் நாள் போர்டு! இரண்டு நாளில் சைக்கிள் ஓட்டக்கூட வராது.

முறையாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள். முஞ்சிறையில் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1964-ல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் "சிறப்பு மருத்துவம்" என்ற மேல்படிப்பில் வர்மமும் ஒரு பாடம். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் இது உண்டு. மூச்சுப் பயிற்சி மட்டும் போதும் என்பவர்களுக்கு, ஏகநாத் ரானடே 1972-ல் தொடங்கிய கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் யோகா முகாம்கள் நடத்துகிறது.

புதிதாக வருகிறவரிடம் "என்ன நோய், என்ன மாத்திரை?" என்று கேட்காமல் பயிற்சியைத் தொடங்கும் ஆசானிடம் நிற்க வேண்டாம். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ பயிற்சியை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

60 வயதைத் தாண்டியவர்களுக்குச் சுவடு சொல்லிக் கொடுக்கும்போது முட்டை ஆழமாக மடக்கச் சொல்லக் கூடாது. முதல் சில வாரம் ஒரு கையால் தென்னை மரத்தையோ நாற்காலி முதுகையோ பிடித்துக் கொண்டு, ஒற்றைச் சுவடு மட்டும் வைத்தால் போதும். காலை வெயில் ஏறுவதற்குள் 20 நிமிடம். வயிறு நிறையச் சாப்பிட்டு விட்டு வரக் கூடாது. மூச்சு வாங்கினால் உட்கார்ந்து கொள்ளலாம். ஆசான் ஒன்றும் சொல்ல மாட்டார்.