பைத்தானில் எழுத்து-பைட்டு மாற்றம்

பைத்தான் நிரலாக்க மொழியில் எழுத்து-பைட்டு மாற்றம் என்பது, மனிதர் படிக்கும் எழுத்துக்களைக் கணினி சேமிக்கும் பைட்டுகளாகவும், பைட்டுகளை மீண்டும் எழுத்துக்களாகவும் மாற்றும் செயல் ஆகும். முதலாவது குறியேற்றம் எனவும், இரண்டாவது குறிவிலக்கம் எனவும் அழைக்கப்படும். பைத்தானில் இவற்றை முறையே என்கோடு, டிகோடு ஆகிய செயற்கூறுகள் செய்கின்றன.

பின்னணி

ஒரு பைட்டு 0 முதல் 255 வரையான ஓர் எண்ணை மட்டுமே கொள்ளும். ஆஸ்கி குறியேற்றம் 128 குறிகளையே கொண்டது. அதில் தமிழுக்கு இடம் இல்லை. ஒருங்குறி, ஒவ்வொரு குறிக்கும் ஒரு தனி எண்ணை வழங்குகிறது. அவ்வெண்ணை எந்தப் பைட்டுகளால் எழுதுவது என்பதை யூடிஎஃப்-8 போன்ற குறியேற்றங்கள் வரையறுக்கின்றன. யூடிஎஃப்-8 முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 இல் வடிவமைத்தனர்.

பைத்தான் 2 இல் பைட்டுச் சரமும் ஒருங்குறிச் சரமும் கலக்கப்பட்டால், பைட்டுகள் ஆஸ்கி எனக் கருதப்பட்டுத் தாமாகவே மாற்றப்பட்டன. இதனால் ஆங்கில உரையுடன் சரியாக இயங்கிய நிரல், தமிழ் உரை வந்தவுடன் வழு காட்டி நின்றது. 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3.0 இவ்விரு வகைகளையும் முற்றிலும் பிரித்தது. அவற்றை இணைக்க முயன்றால் உரையின் மொழி எதுவாயினும் வழு ஏற்படும். ஆகவே தவறு தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டு

'அ' என்னும் எழுத்தின் ஒருங்குறி எண் 2949 ஆகும். யூடிஎஃப்-8 இல் இது 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகளாகிறது. 'தமிழ்' என்னும் சொல்லில் படிப்பவர் மூன்று எழுத்துக்களைக் காண்கிறார். ஆனால் ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளைக் கொண்டது. எனவே அச்சரத்தின் நீளத்தைப் பைத்தான் 5 எனத் தரும். யூடிஎஃப்-8 ஆக மாற்றினால் 15 பைட்டுகள் கிடைக்கும்.

இப்பைட்டுகளை இடையில் வெட்டுவது ஆபத்தானது. முதல் 10 பைட்டுகளை மட்டும் குறிவிலக்கினால், 'ழ' முழுமையாக இல்லாததால் வழு ஏற்படும். முதல் 12 பைட்டுகளை எடுத்தால் வழு ஏதும் தோன்றாது. ஆயினும் புள்ளி இழக்கப்பட்டுச் சொல் 'தமிழ' என்றாகிவிடும்.

வழுக்களைக் கையாளல்

மாற்ற இயலாத இடத்தில் வழுவை எழுப்புவதே பைத்தானின் இயல்பு நடத்தை. விரும்பினால் அவ்விடத்தைத் தவிர்க்கவோ மாற்றுக்குறி இடவோ சொல்லலாம். 'தமிழ்' என்பதை மாற்றுக்குறியுடன் ஆஸ்கியாக்கினால் ஐந்து கேள்விக்குறிகளே எஞ்சும். அவற்றிலிருந்து மூலச் சொல்லை மீட்க முடியாது.

தவறான குறியேற்றத்தில் படிப்பது வேறு வகைச் சிக்கல். லத்தீன்-1 குறியேற்றத்தில் எல்லாப் பைட்டுகளுக்கும் ஏதேனும் ஒரு குறி உண்டு. ஆகையால் மேற்கண்ட 15 பைட்டுகளும் வழுவின்றி 15 பொருளற்ற குறிகளாகும். இவற்றை மீண்டும் லத்தீன்-1 இல் குறியேற்றி, யூடிஎஃப்-8 இல் குறிவிலக்கினால் மூல உரையைப் பெறலாம்.

நடைமுறை

உரையை உள்வாங்கும்போது குறிவிலக்கி, நிரலுக்குள் எழுத்துக்களாகவே கையாண்டு, வெளியிடும்போது மட்டும் குறியேற்றுவது பரவலாகப் பின்பற்றப்படும் முறையாகும். கோப்பைத் திறக்கும்போது குறியேற்றத்தின் பெயரை வெளிப்படையாகத் தருதல் வேண்டும். இல்லையெனில் பல பதிப்புகளில் முடிவு கணினியின் மொழி அமைப்புக்கேற்ப மாறுபடும்.