உடற் பாரமும் உள்ளப் பாரமும்

நம் கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருக எனச் சங்கத்தார் பணித்தபோது, யான் இலக்கியத்தைப் பற்றியோ இலக்கணத்தைப் பற்றியோ எழுதுவேன் என்றே எண்ணியிருப்பர். தமிழாசிரியனிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? எனினும், சென்ற ஒன்றுகூடலில் பழைய நண்பர் பலர் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றே: "மச்சான், வயிற்றை வெட்டினாயாம்; பிறகும் இப்படியே இருக்கிறாயே?" அன்று விடைகூற நா எழவில்லை. இன்று எழுத்தால் விடை தருகின்றேன். என்பொருட்டு மட்டுமன்று. நம்மிடையே நாற்பதைக் கடந்தோர் சிலர் இச்சிகிச்சை தமக்கு ஏற்குமோ எனச் சிந்திக்கின்றனர். வேறு சிலர் சிகிச்சை பெற்றும், பாரம் நினைத்தபடி குறையாமையால் வெளியே சொல்ல நாணி ஒடுங்கியிருக்கின்றனர். அவர்க்கு இது பயன்படுதல் கூடும்.

முதற்கண் சிகிச்சை எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். மிகு பாரத்தைக் குறைத்தற்கு இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு வேறு வழியில் இணைக்கும் முறையை, 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் சத்திரவைத்தியர் தொடங்கினார். இதுவே 'பைபாஸ்' எனப்படும் மாற்றுவழிச் சிகிச்சை. இன்று பெருவழக்காயுள்ள மற்றொன்றில், இரைப்பையின் முக்காற் பங்குக்குமேல் அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி சட்டையின் கைபோல் ஒடுங்கிய குழாயாகின்றது. ஆதலின் அது 'ஸ்லீவ்' எனப் பெயர் பெற்றது. உணவின் அளவு சுருங்குதல் மட்டுமே இதன் பயன் அன்று. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலேயே உண்டாகின்றது. 1999 இல் யப்பானிய அறிஞர் கண்டறிந்த இச்சுரப்பு, அப்பகுதி நீங்கியபின் வெகுவாகக் குறைகின்றது. பசியும் அடங்குகின்றது.

யான் கொழும்பில் 'ஸ்லீவ்' சிகிச்சை பெற்றேன். என் தந்தையார் சீனி வருத்தத்தால் ஒரு காலை இழந்து மறைந்தவர். எனக்கும் அந்நோய் பத்தாண்டாக இருந்தது. பாரமோ 118 கிலோ. முதல் மாதத்தில் 10 கிலோ குறைந்தது. அடுத்து வந்த மூன்று வாரமும் தராசின் முள் அசையவில்லை. ஆறு மாதத்தில் குறைந்தது 17 கிலோவே. என்னோடு அதே நாளில் சிகிச்சை பெற்ற ஒருவர்க்கு அதற்குள் 30 கிலோ குறைந்திருந்தது. "களவாய் உண்கின்றான்" என்று அயலார் பேசியதும் என் செவியில் விழுந்தது. யான் களவாய் உண்ணவில்லை. ஆயினும் குற்றம் செய்தவன்போல் தலைகுனிந்தேன்.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? முதற் காரணம் நீர். இதனை மலையகத்தார்க்கு விளக்குதல் எளிது. என் தாயார் கொழுந்து பறித்தவர். மாலையில் மடுவத்தில் கொழுந்தை நிறுக்கும்போது, கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு எனக் கழிப்பர். மழைநாட் கொழுந்து பாரம் கூடியிருப்பினும் தேயிலை அதனாற் கூடுவதில்லை. நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து காய்ந்தே ஒரு கிலோத் தேயிலை ஆகின்றது. நம் உடம்பும் அத்தகையதே. ஈரலிலும் தசையிலும் சேமித்துள்ள மாச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்துவைக்கும். சிகிச்சை முடிந்த முதல் வாரங்களில் அச்சேமிப்புக் கரைய, நீரும் உடன் வெளியேறுகின்றது. தராசு விரைந்து இறங்குகின்றது. பின்னர் உணவு சற்றுக் கூட, நீர் மீள்கின்றது. அப்போது உள்ளே கொழுப்புக் கரைந்துகொண்டே இருப்பினும் தராசு அதனைக் காட்டாது. மூன்றாம் வாரத்தை ஒட்டிப் பலர்க்கும் நேரும் முதல் தேக்கத்தின் பொருள் பெரும்பாலும் இதுவே.

இரண்டாவது காரணம் ஆழமானது. பஞ்சம் வந்தது என எண்ணி, உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கின்றது. 1944 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் தொடங்கிய ஆய்வொன்றில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர், தாமே முன்வந்த 36 இளைஞர்க்கு 24 வாரம் அரைப்பட்டினி உணவு அளித்து ஆராய்ந்தார். அவர்கள் தம் பாரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தனர். ஓய்ந்திருக்கும்போது உடல் எரிக்கும் சக்தியோ ஏறத்தாழ நூற்றுக்கு 40 அளவு குறைந்தது. இளைத்த உடல் சிறிதாதலால் அதன் தேவையும் சிறிதாகும். அதற்கு மேலும் ஒரு சிக்கனம் அதனிடத்துண்டு. லயக் காம்பராவில் அரைவயிறு உண்டு வளர்ந்த எம்மனோர்க்கு இது வியப்பன்று. மாதக் கடைசியில் அரிசி குறைந்தால் என் தாயார் உலையில் நீரைக் கூட்டுவார். நம் முன்னோர் பஞ்சங்களைக் கடந்து உயிர் தரித்தமைக்கு உதவிய அதே சிக்கனம், இன்று நாம் இளைக்க முயலும்போது குறுக்கே நிற்கின்றது. அது நம் ஒழுக்கக் குறைவன்று, உடலின் தற்காப்பு.

மூன்றாவது, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு. வயது, பால், பரம்பரை, தசையின் அளவு, நீரிழிவு ஆகியவை யாவும் வேகத்தை மாற்றுகின்றன. இன்சுலின், ஸ்டீரொயிட், சில மனநோய் மருந்துகள் ஆகியனவும் பாரத்தைத் தடுத்து நிறுத்தவல்லன. தைரொயிட் சுரப்பியின் குறைபாடும் அத்தகையதே. ஒரே நாளிற் சிகிச்சை பெற்ற இருவர் ஒரே வேகத்தில் இளைப்பர் என எதிர்பார்ப்பது, ஒரே வகுப்பில் இருந்த யாவரும் ஒரே புள்ளி பெறுவர் என்பதனை ஒக்கும்.

இனி, யான் செய்த பிழையைக் கூறுகின்றேன். ஆறாம் மாதத்துப் பரிசோதனைக்கு யான் செல்லவில்லை, அடுத்ததற்கும் செல்லவில்லை. "குறையாத பாரத்தைக் காட்டவா இத்தனை தூரம் கொழும்புக்குப் போவது?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். விரைந்து இளைக்கவேண்டி, உண்ணும் சிறிதினையும் குறைத்தேன். விற்றமின் குளிகைகளையும் கைவிட்டேன். விளைவு யாது? தலைமயிர் உதிர்ந்தது. வகுப்பிற்குப் படியேறுகையில் மூச்சு வாங்கியது. விரல் நுனி விறைத்தது. மனைவி வற்புறுத்தி அழைத்துச் செல்ல, இரும்புச் சத்தும் விற்றமின் பி12 உம் மிகக் குறைந்துள்ளன எனக் கண்டனர். மெல்லக் குறையும் பாரம் எனக்குத் தீங்கு செய்யவில்லை. அதற்கு நாணி வைத்தியரை விட்டு விலகியதே தீங்கு செய்தது. இக்கட்டுரையில் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்று உளதாயின் அஃது இதுவே.

செய்யத்தக்கன யாவை? முதலாவது புரதம். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை வேண்டும் என்பது பொதுவிதி. முட்டை ஒன்றில் உள்ளது ஏறத்தாழ 6 கிராமே. ஆதலின் சிறு வயிற்றில் முதலிடம் புரதத்திற்கே உரியது. மரக்கறி உண்போர் பருப்பு, பயறு, கடலை, சோயா, தயிர் என்பவற்றை முதலில் உண்டு, சோற்றைப் பின்வைத்தல் நன்று. புரதம் குறையின் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரையின் உடலின் செலவு மேலும் சுருங்கும்.

இரண்டாவது, குடிப்பனவற்றைக் கவனித்தல். சிறு வயிறு சோற்றைத் தடுக்கும். இனித்த நீரைத் தடுக்காது. 'பிளேன்ரீ' நாளுக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி எனின், அது 72 கிராம் சீனி; ஏறத்தாழ 290 கலோரி. தேயிலை நாட்டில் வாழும் நமக்கு இக்கணக்கு இன்றியமையாதது. உணவோடு நீர் பருகாது அரைமணி நேரம் கழித்துப் பருகுதலும் வேண்டும்.

மூன்றாவது, உடற்பயிற்சி. நடப்பதற்கு அப்புத்தளைச் சரிவுகளைப் போன்ற இடம் வேறில்லை. ஆயினும் நடை மட்டும் போதாது. வாரத்தில் இருமுறையேனும் தசைக்கு வேலை தரும் பயிற்சி வேண்டும். நாற்காலியில் இருந்து கைதாங்காது எழுதல் போன்ற எளிய பயிற்சியே தொடக்கத்திற்குப் போதும். நல்ல உறக்கமும் இதனோடு சேர்ந்தது.

நான்காவது, தராசை வாரம் ஒருமுறைக்கு மேல் நாடாதிருத்தல். இடுப்பின் சுற்றளவை மாதம் ஒருமுறை நாடாவால் அளத்தல் நன்று. என் பாரம் அசையாத மூன்று வாரத்தில் இடுப்புவாரில் ஒரு துளை உள்ளே சென்றிருந்தது. யானோ அதனைப் பொருட்படுத்தவில்லை.

ஐந்தாவது, விற்றமின் குளிகைகளை வாழ்நாள் முழுதும் உட்கொண்டு, குறித்த நாளிற் பரிசோதனைக்குச் செல்லல். பாரம் மிகக் குறைவாகவே இறங்கின் வைத்தியர் காரணத்தை ஆராய்வர். பசியைத் தணிக்கும் புதிய ஊசிமருந்துகளும் இன்று சிலர்க்குத் துணையாகின்றன. இடைவிடாத வாந்தியோ கால்விறைப்போ காணின் பரிசோதனை நாள்வரை காத்திராது உடனே செல்லல் வேண்டும்.

பயனை எதனால் அளப்பது? சுவீடனில் 1987 இல் தொடங்கிய பேராய்வு, சிகிச்சை பெற்ற ஈராயிரவர்க்கு மேற்பட்டோரைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கியது. மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோர் முதல் ஓரிரு ஆண்டில் நூற்றுக்கு 32 பங்கு பாரம் இழந்தனர். பத்தாம் ஆண்டில் அது 25 ஆயிற்று. சற்று மீளுதலும் இயல்பே என்பது இதனாற் பெறப்படும். எனினும் சிகிச்சை பெற்றோரிடையே இறப்பு, பெறாதோரைவிட நூற்றுக்கு 29 அளவு குறைந்திருந்தது. அமெரிக்காவின் கிளீவ்லந்தில் நடத்தப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வில், கட்டுக்கடங்காத நீரிழிவு உடையோருள் ஓராண்டில் சீனியை மிக நல்ல நிலைக்குக் கொணர்ந்தோர், மருந்து மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 12 பேர். 'ஸ்லீவ்' பெற்றவருள் 37 பேர். 'பைபாஸ்' பெற்றவருள் 42 பேர். யான் ஓராண்டில் இழந்தது 25 கிலோ. வேகமானதன்று. ஆயினும் அன்று மூன்று வகை மருந்து உண்டவன் இன்று ஒன்றே உண்கின்றேன். புகையிரத நிலையத்திலிருந்து வீடுவரை எங்கும் நில்லாது ஏறுகின்றேன்.

வள்ளுவனார் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுவோனையும் ஒரு கூறாக வைத்தார். அந்நான்காம் கூறே நண்பர்களாகிய நீங்கள். தோட்டத்தில் கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' போடுவர். என் தாயார் அதனைப் பொறுத்தார். என் உடம்பின் நிறை குறையாமைக்காக எனக்கு அரைப்பேர் போடாதீர். நம் பழைய தோழன் ஒருவன் இச்சிகிச்சை பெற்றிருப்பானாயின், "எவ்வளவு குறைந்தது?" என்று கேளாது, "அடுத்த கிளினிக் என்றைக்கு? நானும் உடன் வரட்டுமா?" என்று கேளுங்கள்.