உங்களுக்குத் தெரியுமா? மேசை மேல் ஒரு அக்வாராமா

இத்தாலியின் இசேயோ ஏரிக்கரையில் சார்னிக்கோ என்ற சிற்றூர். அங்கே 1842-இல் தொடங்கிய ரிவா படகுப் பட்டறையிலிருந்து, கார்லோ ரிவாவின் காலத்தில், 1962-இல் வெளிவந்தது 'அக்வாராமா'. மஹோகனி மரத்தில் உருவான இரட்டை எஞ்சின் விசைப்படகு அது. 1996 வரை கட்டப்பட்டது. கார் உலகின் ஃபெருச்சியோ லம்போர்கினி, தன் நிறுவனத்தின் 12 சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தியே தன் அக்வாராமாவை வாங்கினார்!

இன்று அசல் படகு பெருஞ்செல்வர்களுக்கே எட்டும். மற்றவர்களுக்கு மாதிரிப் படகு உண்டு. துரின் நகரத்து அமாத்தி நிறுவனம் விற்கும் 1:10 அளவு மாதிரியை வீட்டிலேயே கட்டலாம். எட்டு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள படகு, அதில் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இதில் உண்மையான சவால் மரம்தான். படகைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கலாம். மரத்தின் ரேகையைச் சுருக்க முடியாது. அகன்ற ரேகையுள்ள பலகையை ஒட்டினால் படகு பொம்மையாகத் தெரியும். அதனால்தான் தேர்ந்த கைவினைஞர்கள் மிக நுண்ணிய ரேகையுள்ள மரத்தைத் தேடுகிறார்கள். மேல்தளத்தின் வெளிர்நிறக் கோடுகளும் அப்படியே: அசலில் 5 மில்லிமீட்டர் என்றால் மாதிரியில் அரை மில்லிமீட்டர். கை சற்றே பிசகினாலும் கண்ணில் படும்.

வார்னிஷையும் பல பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, மெல்லியதாகவே ஏற்ற வேண்டும். தடித்துவிட்டால் விளிம்புகளின் கூர்மை மழுங்கிப்போகும். அக்வாராமாவின் அழகே அந்த விளிம்புகளில்தான் இருக்கிறது.