அக்காள் வீட்டில் தங்கை! தங்கை வீட்டில் அக்காள்!

இரண்டு சகோதரிகள். இரட்டைப் பிறவிகள். முகம் ஒன்று, குரல் ஒன்று, உயரம்கூட ஒன்று. ஆனால் வீடு வேறு, வாழ்க்கை வேறு. ஒரு நாள் இருவரும் ரகசியமாக இடம் மாறிக்கொள்கிறார்கள். அவள் வீட்டுக்கு இவள் போகிறாள். இவள் வீட்டுக்கு அவள் வருகிறாள். வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியாது!

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்காகத் தயாராகும் டெலிவிஷன் படங்களில் இந்தக் கதைக்குத் தனி மவுசு உண்டு. 2017-ம் ஆண்டு 'ஹால்மார்க்' டெலிவிஷனில் 'சுவிட்ச்டு ஃபார் கிறிஸ்துமஸ்' என்ற படம் வந்தது. கேண்டேஸ் கேமரன் பியூரே என்ற நடிகை அக்காளாகவும் தங்கையாகவும் நடித்தார். ஒருத்தி பெரிய நகரத்தில் வேலை பார்க்கிறாள். மற்றவள் சிறிய ஊரில் பள்ளி ஆசிரியை. தாயார் இறந்த பிறகு இருவருக்கும் பண்டிகை என்றால் உற்சாகம் இல்லை. "உனக்கென்ன, நீ கொடுத்து வைத்தவள்" என்று ஒருத்தியைப் பார்த்து மற்றவள் நினைக்கிறாள். கிறிஸ்துமஸ் வரை இடம் மாறி வாழ்ந்து பார்க்கிறார்கள். அப்போதுதான் மற்றவளின் கஷ்டம் தெரிகிறது!

கதையின் தாய்வீடு

ஆள் மாறாட்டக் கதைகள் மிகப் பழையவை. ரோமாபுரி நாடக ஆசிரியர் பிளாட்டஸ் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இரட்டைச் சகோதரர்களை மேடை ஏற்றிவிட்டார். ஷேக்ஸ்பியரும் எழுதினார். ஆனால் அந்தக் கதைகளில் ஊரார்தான் ஆளை மாற்றி நினைத்துக் குழம்புவார்கள். பிள்ளைகளே கூடிப் பேசி, திட்டம் போட்டு, இடம் மாறுகிற கதையை உலகப் புகழ் பெறச் செய்தவர் ஒரு ஜெர்மானியர். அவர் பெயர் எரிக் கெஸ்ட்னர்.

கெஸ்ட்னர் 1899-ல் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். குழந்தைகளுக்கு எழுதிப் பெயர் பெற்றவர். இட்லரின் ஆட்சிக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1933 மே 10-ந்தேதி பெர்லினில் நாஜிகள் புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். அதில் கெஸ்ட்னரின் புத்தகங்களும் எரிந்தன. கூட்டத்தோடு கூட்டமாக நின்று அதை அவரே தம் கண்ணால் பார்த்தார்!

அதன் பிறகும் அவர் நாட்டை விட்டு ஓடவில்லை. 1942-ல் இரட்டைச் சகோதரிகளின் கதையை ஒரு சினிமாவுக்காக எழுதினார். ஆனால் அவர் எழுதவே கூடாது என்று மீண்டும் தடை விழுந்தது. கதை பெட்டிக்குள் போய்விட்டது. போர் முடிந்து, 1949-ல்தான் அது புத்தகமாக வெளிவந்தது.

லூயிசியும் லோட்டியும்

ஒரு கோடை விடுமுறை. ஏரிக்கரையில் சிறுமிகளுக்கான விடுமுறை இல்லம். வியன்னாவிலிருந்து லூயிசி என்ற சிறுமி வந்திருக்கிறாள். சுருட்டை முடி, துடுக்கான பேச்சு. மியூனிக்கிலிருந்து லோட்டி என்ற சிறுமி வருகிறாள். இரட்டைப் பின்னல், அடக்கமான குணம். இருவரும் எதிரெதிரே நின்றதும் எல்லோரும் திகைத்துப் போகிறார்கள். கண்ணாடியில் பார்ப்பது போல் ஒரே முகம்!

முதலில் சண்டை. பிறகு சிநேகம். மெல்ல மெல்ல உண்மை வெளியாகிறது. இருவருக்கும் ஒரே பிறந்த நாள். ஒருத்திக்குத் தாயார் இல்லை. மற்றவளுக்குத் தகப்பனார் இல்லை. லோட்டியின் தாயார் படத்தைப் பார்த்ததும் லூயிசிக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. பெற்றோர் விவாகரத்து செய்துகொண்டபோது ஆளுக்கொரு குழந்தையாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள்! கூடப் பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று குழந்தைகளிடம் யாரும் சொல்லவே இல்லை.

விடுமுறை முடிகிறது. பின்னல் போட்டு லூயிசி மியூனிக்குக்குப் போகிறாள். சுருட்டை முடியோடு லோட்டி வியன்னாவுக்குப் போகிறாள்.

அங்கேதான் வேடிக்கை. சமையல் அறியாத லூயிசி, வேலைக்குப் போகும் தாயாருக்குச் சமைக்க வேண்டும். வியன்னாவில் லோட்டிக்குத் தினமும் லூயிசிக்குப் பிடித்த இனிப்பு அப்பத்தையே ஆசையாகக் கொடுக்கிறார்கள். பிடிக்கவில்லை என்று சொல்ல முடியுமா? விழுங்கித் தீர்க்கிறாள். அந்த வீட்டு வேலைக்காரி செலவுக் கணக்கில் கை வைத்துக்கொண்டிருந்தாள். லோட்டி கணக்கு நோட்டைப் பார்க்கத் தொடங்கியதும் அவள் வெலவெலத்துப் போகிறாள்!

வேடிக்கைக்கு நடுவே வேதனையும் உண்டு. தகப்பனார் வேறொரு பெண்ணை மணக்கப் போகிறார் என்று தெரிந்ததும் லோட்டிக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. மியூனிக்கில் தாயாருக்கும் உண்மை தெரிந்துவிடுகிறது. லூயிசியை அழைத்துக்கொண்டு வியன்னாவுக்கு ஓடி வருகிறாள். பிறந்த நாளில் குழந்தைகள் ஒரே ஒரு பரிசுதான் கேட்கிறார்கள்: இனி எங்களைப் பிரிக்காதீர்கள்! பெற்றோர் மீண்டும் மணம் செய்துகொள்கிறார்கள்.

ஒரே சிறுமி, இரண்டு வேடம்!

1950-ல் ஜெர்மனியில் இது படமாயிற்று. இசா, யூட்டா என்ற நிஜ இரட்டைச் சகோதரிகளே நடித்தார்கள். கெஸ்ட்னரின் குரலே கதை சொன்னது. மறு ஆண்டு ஜெர்மன் திரைப்படப் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, சிறந்த படமாக இதுவே தேர்வாயிற்று. 1951-ல் ஜப்பானில் பாடகி மிசோரா ஹிபாரி இரு வேடங்களிலும் நடித்தார்.

1961-ல் வால்ட் டிஸ்னி கம்பெனி இதை 'தி பேரண்ட் டிராப்' என்ற பெயரில் எடுத்தது. ஹெய்லி மில்ஸ் என்ற சிறுமி அக்காளும் தங்கையுமாக நடித்தாள். படம் பிடித்தபோது அவளுக்கு வயது 14.

ஒருத்தியே இருவராக எப்படித் தோன்றினாள்? இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. கேமராவில் பாதியை மறைத்துவிட்டு, மறுபாதியில் அக்காளைப் படம் பிடிப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறைத்த பக்கத்தைத் திறந்து, அதே பிலிமில் தங்கையைப் படம் பிடிப்பார்கள். நடுக்கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினால் கை மாயமாகிவிடும்! இந்தப் படத்தில் மஞ்சள் சோடியம் விளக்கைக் கொண்டு உருவத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து ஒட்டும் புதிய முறையையும் பயன்படுத்தினார்கள். ஒருத்தியின் முகமும் மற்றவளின் முதுகும் தெரிய வேண்டிய காட்சிகளில் வேறொரு சிறுமி முதுகைக் காட்டி நின்றாள்.

1998-ல் இதே படம் மீண்டும் எடுக்கப்பட்டது. அதில் இரட்டையராக நடித்தவர் லிண்ட்சே லோகன்.

தமிழில் வந்த இரட்டையர்

தமிழிலும் இந்தக் கதை வந்தது. 1965-ல் ஏ.வி.எம். வெளியிட்ட 'குழந்தையும் தெய்வமும்' படமே அது. கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ட் செய்தார்கள். ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோர். குட்டி பத்மினி இரட்டைக் குழந்தைகள். இங்கே கதையில் ஒரு மாறுதல் செய்தார்கள். கணவனும் மனைவியும் பிரிவதற்குக் காரணம், மாமியாரின் கர்வம்! கூட்டுக் குடும்பத்தைக் கண்ட ரசிகர்களுக்கு அது உடனே புரிந்தது. தெலுங்கில் 1966-லும் இந்தியில் 1968-லும் இதே கதை வெளியாயிற்று. இந்தியில் 'பேபி சோனியா' என்ற பெயரில் நடித்த சிறுமிதான் பின்னாளில் புகழ்பெற்ற நட்சத்திரம் நீது சிங்.

டெலிவிஷனில் தொடர்ந்த கதை

1986-ல் டிஸ்னி டெலிவிஷனில் 'பேரண்ட் டிராப்' இரண்டாம் பாகம் வந்தது. 25 ஆண்டுகளுக்குப் பிறகு ஹெய்லி மில்ஸ் அதே சகோதரிகளாகத் தோன்றினார். அன்று பெற்றோரைச் சேர்த்து வைத்த ஒருத்தி, இன்று தானே விவாகரத்தான தாயாகிவிட்டாள்! இப்போது அவளுக்கு வரன் பார்ப்பது அவளுடைய மகள். 1989-ல் மேலும் இரண்டு படங்கள். அவற்றில் ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று நிஜ சகோதரிகள் நடித்தார்கள்.

பண்டிகை நாட்களுக்கு இந்தக் கதை பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. அன்று தாத்தா முதல் பேரன் வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். குழந்தைகளுக்கு ஆள் மாறாட்டம் வேடிக்கை. பெரியவர்களுக்கு வேறு நினைவு வரும். பேச்சு நின்றுபோன அண்ணன் நினைவுக்கு வருவான். வராமல் போன தங்கை நினைவுக்கு வருவாள்.

நிஜ வாழ்க்கையில் பிரிந்த பெற்றோர் எல்லோரும் குழந்தைகளின் தந்திரத்தால் சேர்ந்துவிடுவதில்லை. கெஸ்ட்னருக்கும் இது தெரியும். பெற்றோர் பிரிந்ததால் துன்பப்படும் குழந்தைகள் ஏராளம். பிரியாமல் தினம் சண்டையிடுவதால் துன்பப்படும் குழந்தைகளும் ஏராளம் என்று அந்தப் புத்தகத்திலேயே அவர் எழுதியிருக்கிறார்.

சேர்வதும் பிரிவதும் பெரியவர்கள் கையில். ஆனால் லூயிசியிடமும் லோட்டியிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "உனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள்" என்றாவது சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாததால்தான் அந்தச் சிறுமிகள் பின்னலை மாற்றிப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார்கள்!