சுடருக்குள் பிறக்கும் கரி: அன்றும் இன்றும்

1860ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே மெழுகுவர்த்தியைப் பற்றிச் சிறுவர்களுக்குத் தொடர் உரையாற்றினார். வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் இருண்ட நடுப்பகுதியில் வைத்தார்; மறுமுனையில் வந்த ஆவி பற்றி எரிந்தது. அதே முனையைப் பளிச்சென்ற பகுதிக்கு உயர்த்தினார், கரும்புகை வந்தது. சுடருக்கு ஒளி தருவது அதற்குள் தகிக்கும் கரித்துகள்களே என்று காட்ட இதுவே போதுமாக இருந்தது.

ஆனால், ஆவி எந்தக் கணத்தில் கரியாகிறது? அதை அறிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று கரி தன்னைக் காட்டிக்கொள்ள ஒளிர வேண்டும், அல்லது ஒளியை மறைக்க வேண்டும். புதிதாகப் பிறந்த துகளோ இரண்டையும் சரிவரச் செய்வதில்லை. அதன் அளவு 2 அல்லது 3 நானோமீட்டர். 20 நானோமீட்டர் துகள் சிதறடிக்கும் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத்தான் 2 நானோமீட்டர் துகள் சிதறடிக்கும். லேசர் வந்த பிறகும் அது பிடிபடாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

1990களில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அந்தோனியோ டி'அலெசியோ குழுவினர் புற ஊதாக் கதிரைச் சுடருக்குள் செலுத்தினர். சாதாரண ஒளியைத் தடையின்றி விட்ட இளம் துகள்கள் இந்தக் கதிரை உறிஞ்சி, தாம் இருப்பதைக் காட்டிக்கொடுத்தன.

இன்று துகள்களை வெளியே எடுத்தும் அளக்கிறார்கள். நுண்ணிய துளை வழியே சுடரின் வாயுவை இழுத்து, அந்தக் கணமே குளிர்ந்த நைட்ரஜனைக் கலக்கிறார்கள். தாமதித்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். பிறகு மின்னேற்றம் கொடுத்து, மின்புலத்தில் அளவுவாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். உள்ளே நுழைக்கும் குழாயே சுடரைக் குளிர்வித்துவிடும் என்பதால், அந்தப் பிழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2019இல் நேப்பிள்ஸ் ஆய்வாளர்களும் சூரிச் ஐபிஎம் ஆய்வகமும் அணுவிசை நுண்ணோக்கியால் இளம் கரியின் மூலக்கூறுகளைத் தனித்தனியே படமெடுத்தனர். அறுகோண வளையங்களுக்கு நடுவே ஐங்கோண வளையங்களும் தெளிவாகத் தெரிந்தன.

ஐரோப்பாவில் வாகனப் புகைக்கான துகள் எண்ணிக்கை வரம்பு 23 நானோமீட்டரிலிருந்துதான் எண்ணத் தொடங்கியது. யூரோ 7 விதி அதை 10க்கு இறக்குகிறது. அளக்கத் தெரிந்ததற்குத்தான் வரம்பு விதிக்க முடியும். நுரையீரலின் ஆழம்வரை போகும் இந்தக் கரியைப் பிறக்கும் இடத்திலேயே தடுக்க வேண்டுமானால், முதல் 2 நானோமீட்டரை அளக்கும் இந்தப் பொறுமையான வேலையை நாம் மதித்தே ஆக வேண்டும்.