‘காப்பி பாட்டு’ன்னு கேலி பண்ணாதீங்க! மேடை பாடகர்களுக்கும் உண்டு தனி திறமை

மஞ்சக்குப்பம்:

மாசி மகம், ஆடித் திருவிழா வந்துவிட்டால் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இன்னிசை கச்சேரி களைகட்டும். விடிய விடிய உட்கார்ந்து கேட்டுவிட்டு, "அடுத்தவன் பாட்டை பாடுறதுல என்ன பெரிய கலை?" என்று கேட்பவர்களும் உண்டு. கலை இருக்கத்தான் செய்கிறது.

சினிமா பாட்டை ஸ்டூடியோவில் பதிவு செய்கிறார்கள். தப்பு வந்தால் திரும்ப பாடலாம். மேடையில் அந்த வசதி கிடையாது. பனி கொட்டும், ஜெனரேட்டர் இரையும், தொண்டை கட்டும். அப்பவும் ஒரே தடவையில் பாடியாகணும்.

பத்து இருபது வயலின் வாசித்ததை மேடையில் ஒரே கீபோர்டுக்காரர் சமாளிக்கிறார். நோட்டு புத்தகம் யாரும் தருவதில்லை. பாட்டை திரும்பத் திரும்ப கேட்டு, காதாலேயே பாடம் பண்ணுகிறார்கள்.

நந்தனார் பாட்டு யாருடையது?

நம்ம சிதம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். நடராஜரை காண ஏங்கிய நந்தனாரின் கதையை கீர்த்தனையாக எழுதியவர் கோபாலகிருஷ்ண பாரதி. அந்த பாட்டுகளை எத்தனையோ வித்வான்கள் சபாக்களில் பாடியிருக்கிறார்கள். அதை யாரும் காப்பி என்று சொல்வதில்லை.

சினிமாவில் 1935-ல் கே.பி.சுந்தராம்பாளும், 1942-ல் எம்.எம்.தண்டபாணி தேசிகரும் நந்தனாராக பாடி நடித்தார்கள். கதை ஒன்றுதான், குரல் வேறு. ரெண்டு பேருக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். தேசிகர் பிறகு அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் இசை சொல்லிக்கொடுத்தார்.

டி.எம்.சவுந்தரராஜனும் தியாகராஜ பாகவதர் பாணியில் பாடித்தான் ஆரம்பித்தார். 1950-ல் வந்த ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் அவர் பாடியது, பாகவதர் ‘சிந்தாமணி’யில் பாடிய மெட்டுதான். அதன் பிறகே தனக்கென்று ஒரு குரலை கண்டுபிடித்தார்.

நோட்டீஸ் விவகாரம்

எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் மேடை குழுவில் ஒரு காலத்தில் வாசித்தவர் இளையராஜா. அதே இளையராஜா தரப்பில் இருந்து, அனுமதி இல்லாமல் தன் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று 2017 மார்ச்சில் எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் போனது. அமெரிக்க சுற்றுப்பயணத்தில் இருந்த எஸ்.பி.பி., அந்த பாட்டுகளை பாடமாட்டேன் என்று அறிவித்தார். 2019-ல் ரெண்டு பேரும் மீண்டும் ஒரே மேடை ஏறினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டு காப்புரிமை சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, மத சடங்கு, அரசு விழாவில் பாட்டு பாட தனி லைசென்ஸ் வேண்டாம். கல்யாண ஊர்வலம், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டமும் இதில் அடங்கும். மத்திய அரசு 2023 ஜூலையில் இதை மீண்டும் தெளிவுபடுத்தியது.

டிக்கெட் போட்டு நடத்தினால் கதை வேறு. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் பங்கை கட்டியாக வேண்டும். பாட்டை மறுபடி பாடி பதிவு செய்து விற்க, 2012-ல் வந்த திருத்தப்படி, முதல் பதிவு வந்து 5 ஆண்டு கழிய வேண்டும். உரிமைத்தொகையும் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

வயிற்றில் அடி

இப்போது வாத்தியக்காரர்களே இல்லாமல் ‘டிராக்’ போட்டு பாடும் வழக்கம் பரவி வருகிறது. விழாக்குழுவுக்கு செலவு மிச்சம். ஆனால் தபேலா, புல்லாங்குழல் வாசித்து குடும்பம் நடத்துகிறவர் கதி? சீசன் நாலு மாசம் சம்பாதித்துத்தான் வருஷம் பூரா ஓட்டணும்.

ஜனங்கள் கைதட்டினால் ஒரு வரியை நாலு தடவை பாடுவார் மேடை பாடகர். தாளக்காரரும் கூடவே போவார். டிராக்கு நிற்காது, அது பாட்டுக்கு ஓடிவிடும். அந்த நேரத்தில் கூட்டத்தை பார்த்து பாட்டை வளைக்கிறதுதான் இவர்களுடைய கலை.

அடுத்த தடவை கச்சேரி கேட்டால், பாடியவர், வாசித்தவர் பெயரை கேட்டு, ஒரு கைதட்டு தட்டிவிட்டு கிளம்புங்கள். அந்த பாட்டில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது.