மஞ்சள் நட்சத்திரத்தைக் கழற்றிய பூனை

ஓர் அண்ணன், ஒரு தங்கை. தகப்பன் இல்லை. தாய் நோயாகக் கிடக்கிறாள். "பால் கொடுத்தால்தான் பிழைப்பாள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பால் வாங்கக் காசு இல்லை.

குழந்தைகள் கடைத்தெருவுக்குப் போகிறார்கள். அங்கே ஒருவன், கைப்பிடியைச் சுற்றினால் பாடும் வாத்தியப் பெட்டியோடு நிற்கிறான். அவனுக்குக் காசு விழுகிறது. "நாமும் பாடினால் என்ன?" என்று இருவரும் பாடுகிறார்கள். பெட்டிக்காரன் விரட்டி அடிக்கிறான். அவன் பெயர் பிரண்டிபார்.

இரவில் ஒரு பூனை, ஒரு நாய், ஒரு குருவி துணைக்கு வருகின்றன. விடிந்ததும் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து தாலாட்டுப் பாடுகிறார்கள். தொப்பியில் காசு சேர்கிறது. பிரண்டிபார் அதைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். பிள்ளைகள் துரத்திப் பிடிக்கிறார்கள். தாய்க்குப் பால் கிடைக்கிறது.

இதுதான் "பிரண்டிபார்" என்ற சங்கீத நாடகம். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஏற்ற கதை. ஆனால், அது 55 முறை நடந்த இடம் பள்ளிக்கூடம் அல்ல. சிறை முகாம்!

சட்டையில் நட்சத்திரம்

இசை அமைத்தவர் ஹான்ஸ் கிராசா. செக் நாட்டு யூதர். பாட்டு எழுதியவர் அடால்ப் ஹாப்மைஸ்டர். 1938-ல் எழுதினார்கள். மறு ஆண்டே ஹிட்லரின் படை அவர்களுடைய பிராக் நகருக்குள் புகுந்தது.

"எல்லாக் கேடுகளுக்கும் யூதர்களே காரணம்" என்று மேடைக்கு மேடை பேசியவன் ஹிட்லர். அதைப் பலர் நம்பினார்கள். முதலில் யூதர்களின் வேலை போயிற்று. பிறகு கடை, வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் போயின. யூதர்கள் சட்டையில் மஞ்சள் துணி நட்சத்திரத்தைத் தைத்துக்கொண்டுதான் தெருவில் நடக்கவேண்டும் என்று உத்தரவு. கடைசியில் உயிரும் போயிற்று. 1945-ல் யுத்தம் முடிவதற்குள் கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர்.

பிராக் நகருக்கு வடக்கே டெரசின் என்ற பழைய கோட்டை ஊர் இருக்கிறது. அதை நாஜிகள் முகாம் ஆக்கினார்கள். கிராசாவை அங்கே அடைத்தார்கள். நாடகத்தின் இசைப் பிரதி ஒன்று ஒளித்துவைத்த பொருளாக உள்ளே வந்து சேர்ந்தது. முகாமில் கிடைத்த வாத்தியங்களுக்கு ஏற்றபடி கிராசா அதைத் திருத்தி எழுதினார். 1943 செப்டம்பர் 23-ந் தேதி முகாமின் பிள்ளைகள் முதல் முறையாக நடித்தார்கள்.

பூனையாக நடித்த சிறுமி எலா. வயது 13. மேடையில் நிற்கும் நேரம் மட்டும் பிள்ளைகள் நட்சத்திரத்தைக் கழற்றி வைக்கலாம். அந்தச் சிறிது நேரம்தான் தங்களுக்கு விடுதலை என்று அவர் பின்னாளில் சொல்வார்.

பிரண்டிபார் யார் என்று பார்த்தவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. ஒட்டு மீசை ஒன்று போதாதா?

டெரசினிலிருந்து ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு ரெயில்கள் போய்க்கொண்டிருந்தன. நேற்றுப் பாடிய பிள்ளை இன்று இருக்காது. அந்த இடத்தில் வேறொரு பிள்ளை பாட்டைக் கற்றுக்கொண்டு வந்து நிற்கும். நாடகம் மட்டும் நிற்கவில்லை.

வந்தவர்களுக்கு ஒரு வேடிக்கை

1944 ஜூன் 23-ந் தேதி செஞ்சிலுவைச் சங்கத்தார் முகாமைப் பார்வையிட வந்தார்கள். அதற்காக நாஜிகள் சுவர்களுக்கு வர்ணம் அடித்தார்கள். பூச்செடி நட்டார்கள். போலிக் கடைகள் திறந்தார்கள். கூட்டம் அதிகமாகத் தெரியக்கூடாதே! மே மாதத்திலேயே சுமார் 7,500 பேரை ஆஷ்விட்சுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வந்தவர்கள் முன்னால் "பிரண்டிபார்" நடந்தது. "பாருங்கள், எவ்வளவு சந்தோஷமாகப் பாடுகிறார்கள்!" என்று காட்டத்தான். பொய் சொல்ல நாஜிகளுக்குக் குழந்தைகளின் பாட்டுதானா கிடைத்தது?

பிறகு அதைச் சினிமாவாகவும் எடுத்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று பாடும் காட்சி இன்றும் இருக்கிறது. பார்த்தால் நெஞ்சை அடைக்கும். படம் எடுத்து முடிந்ததும் செப்டம்பர் கடைசியில் மறுபடி ரெயில்கள் புறப்பட்டன. ஒரே மாதத்தில் சுமார் 18 ஆயிரம் பேர் போனார்கள். கிராசா அக்டோபரில் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 44. மேடை ஏறிய பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை.

எலா பிழைத்தார்.

மீண்டும் மேடையில்

யூதர்கள் மீது வெறுப்பு ஹிட்லரோடு சாகவில்லை. கல்லறைகளை உடைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். "படுகொலையே நடக்கவில்லை" என்று சாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 60 லட்சம் என்று பாடப் புத்தகத்தில் படித்தால் ஒரு குழந்தைக்கு என்ன விளங்கும்? பூனை வேடம் போடும் சிறுமியிடம், "முன்பு இந்த வேடம் போட்டவள் உன் வயதுப் பெண்" என்று சொன்னால் விளங்கும்.

இன்று பல நாடுகளில் பிள்ளைகள் "பிரண்டிபார்" நடிக்கிறார்கள். 2003-ல் டோனி குஷ்னர் எழுத, மாரிஸ் செண்டாக் படம் வரைய, அமெரிக்காவில் அது படப் புத்தகமாகவும் வந்தது.

எலா வைஸ்பெர்கர் அமெரிக்காவில் குடியேறினார். நாடகம் நடக்கும் ஊர்களுக்குப் பாட்டியான பிறகும் போய்வந்தார். 2018-ல், தமது 87-வது வயதில் காலமானார். அவர் வந்த ஊர்களில், நாடகம் முடியும் நேரத்தில் பிள்ளைகள் அவரை மேடைக்கு அழைப்பார்கள். வெற்றிப் பாட்டை அவரும் சேர்ந்து பாடுவார். பக்கத்தில், மூக்கின் ஓரம் மீசை வரைந்துகொண்டு, அந்த ஊரின் பூனை நிற்கும்.